அரை க்ளெனிஸும் ஐந்தாம் இணைப்பும்

க்ளெனிஸ் ரட்கினிடம் கடன் வாங்கினாலும் வாங்கலாம், வம்பு மட்டும் வாங்கக் கூடாது. இது மேற்கு ஆஸ்திரேலியாவின் பன்பரி ஊரில் அவளுடைய பக்கத்து வீட்டுக்காரனுக்கு நன்றாகத் தெரியும். அவள் வீட்டு எலுமிச்சை தன் பக்கம் கிளை நீட்டுகிறது என்று, அவள் ஊரில் இல்லாத நாள் பார்த்து மரத்தையே பாதியாக வெட்டிப்போட்டான். க்ளெனிஸ் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான்கு வருடம் கழித்து அவன் பெரிய கொட்டகை கட்டிக் கூரை போட்டு, உள்ளே படகையும் கொண்டுவந்து நிறுத்திய பிறகு, நில அளவைக்காரரைக் கூட்டி வந்தாள். கொட்டகை முப்பத்தெட்டு சென்டிமீட்டர் அவள் நிலத்தில் நின்றது. "அஸ்திவாரம் தோண்டும்போதே சொல்லியிருக்கலாமே" என்று அவன் அழாத குறையாகக் கேட்டான். "நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றாள்.

காலி என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தவள். பதினேழு வயதில் சுரங்கத்தின் சம்பளப் பிரிவில் சேர்ந்தாள். இரண்டு கல்யாணம் செய்து இரண்டையும் முடித்துவிட்டு, முப்பது வருடத்துக்கு மேலாகக் கட்டுமானத் தளங்களில் செலவுக் கட்டுப்பாட்டு வேலை பார்க்கிறாள். குள்ளம், தடித்த கண்ணாடி, காதோரம் எப்போதும் ஒரு பென்சில். எந்த எண்ணையும் மறந்து நான் பார்த்ததில்லை. எந்த அவமானத்தையும்தான்.

அவள் வேலையை வெளியாட்கள் யாரும் மதிப்பதில்லை. கிரேன் ஓட்டுகிறவனைப் படம் பிடிப்பார்கள். மென்பொருள் முன்னால் உட்கார்ந்திருப்பவளை யார் பிடிப்பார்கள்? ஆனால் அந்தத் திரையில் ஓடும் மூன்று கோடுகள்தான் ஒரு தளத்தின் ஜாதகம். இந்த மாதத்துக்குள் எவ்வளவு வேலை முடிய வேண்டும் என்று போட்ட திட்டம் முதல் கோடு. கையை விட்டுப் போன பணம் இரண்டாவது. உண்மையிலேயே நடந்த வேலையின் பெறுமானம் மூன்றாவது; அதற்கு ஈட்டிய மதிப்பு என்று பெயர். நூறு டாலர் செலவழித்து எழுபது டாலர் வேலைதான் நடந்திருக்கிறது என்றால் மூன்றாவது கோடு காட்டிக்கொடுத்துவிடும். அதனால் பொய் சொல்ல நினைப்பவன் முதலில் கை வைப்பதும் அந்தக் கோட்டில்தான்.

நான் லாயிட் ட்ரெங்கோவ், மின்வேலை மேற்பார்வையாளன். க்ளெனிஸையும் வாரிக் பென்டனையும் எனக்கு போர்ட் ஹெட்லண்ட் துறைமுகத்தில் வேலை பார்த்த நாளிலிருந்து தெரியும். இரும்புத் தாதுவைக் கப்பலில் ஏற்றும் துறை ஒன்றை எங்கள் நிறுவனம் கட்டிக்கொண்டிருந்தது. வாரிக் திட்ட மேலாளர். நல்ல உயரம், நல்ல பல், கையில் எப்போதும் கடையில் வாங்கிய குளிர்ந்த காபி டப்பா. யாரைப் பார்த்தாலும் நண்பா என்பது போல "மேட்" என்று தோளில் கை போடுவான். அந்தக் கை எதற்கு வருகிறது என்று தெரிவதற்குள் காரியம் முடிந்திருக்கும்.

பாதி நடந்த வேலையை எப்படி அளப்பது என்பது எங்கள் தொழிலின் பழைய தலைவலி. கேபிள் இழுக்கிறவனைக் கேட்டால் தொண்ணூறு சதவீதம் முடிந்தது என்பான். அடுத்த மாதம் கேட்டாலும் தொண்ணூறு என்பான். எங்கள் ஊரில் எல்லா வேலையும் தொண்ணூறில்தான் குடியிருக்கும். அதனால் க்ளெனிஸ் ஹெட்லண்டில் ஒரு விதி வைத்தாள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கேபிள் ஓடும் பாதை ஒரு தடம்; அதை ஆரம்பித்தால் அதன் மதிப்பில் பாதி. இழுத்து முடித்துச் சோதனையும் செய்தால் மீதிப் பாதி. ஒவ்வொரு தடமும் மூன்று வார வேலை என்பதால், முன்னே பின்னே இருந்தாலும் கணக்கு தானாகச் சரியாகிவிடும். யோக்கியர்களுக்கு அது நல்ல விதி.

வாரிக் அதைப் பார்த்த விதமே வேறு. ஒரு மாதக் கடைசியில் என்னிடம் வந்து தோளில் கை போட்டான்.

"மேட், மொத்தம் எத்தனை கேபிள் தடம் இருக்கு?"

"நானூத்துப் பன்னெண்டு."

"ஆரம்பிச்சது?"

"எழுபது இருக்கும்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லாத்தையும் ஆரம்பிச்சிடு. ஒவ்வொண்ணுலயும் ஒரு மீட்டர் இழுத்துப் போடு, போதும்."

"ஒரு மீட்டர் இழுத்து என்னப்பா பண்றது?"

"நீ கேபிளை இழு, கேள்வியை இழுக்காதே."

இழுத்தோம். நானூற்றுப் பன்னிரண்டு தடத்திலும் ஒரு மீட்டர் கேபிள் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு கிடந்தது. முன்னேற்றத் தாளில் எல்லாம் "ஆரம்பித்தாயிற்று" என்று நான்தான் கையெழுத்துப் போட்டேன். பொய் இல்லை, ஆரம்பித்திருந்தோம்தான். மென்பொருள் அதை வாங்கிக்கொண்டு மூன்றாவது கோட்டைக் கூரைக்கு ஏற்றியது. பெர்த் தலைமை அலுவலகம் வாரிக்குக்குப் பாராட்டுக் கடிதமும் போனஸும் அனுப்பியது.

அடுத்த இரண்டு மாதம் செலவுக் கோடு ஏறிக்கொண்டே போக, மூன்றாவது கோடு செத்த பாம்பாகக் கிடந்தது. க்ளெனிஸ் உடனே மோப்பம் பிடித்துவிட்டாள். தளத்தை நடந்து பார்க்க வேண்டும் என்று எழுதிக் கேட்டாள். பாதுகாப்புப் பயிற்சி காலாவதியாகிவிட்டது என்று வாரிக் அவளைத் தளத்துக்குள் விடவில்லை. என்னிடம் வந்து கேட்டாள்: "லாயிட், அந்தத் தடங்கள் எல்லாம் நிஜமாவே நடக்குதா?" நான் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு, "நடந்துக்கிட்டிருக்கு" என்றேன்.

பதினோரு மில்லியன் டாலர் ஓட்டை வெளியே தெரிந்த நாளில், நாற்பது பேர் முன்னால் வாரிக் எழுந்தான். "நம்ம க்ளெனிஸ் தப்பான விதியைப் போட்டுட்டாங்க. பாதி வேலைக்கே மார்க் குடுக்கிற விதி. அரை வேலை, அரை மார்க், அரை க்ளெனிஸ்!" என்றான். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன், அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அன்று மதியமே அவளை விமானம் ஏற்றி அனுப்பினார்கள். விசாரணை அறிக்கையின் பதினான்காம் பக்கத்தில், "செலவுக் கட்டுப்பாட்டாளர் க்ளெனிஸ் ரட்கினின் தவறான அளவீட்டுத் தேர்வே காரணம்" என்று பேரோடு அச்சாகியது.

மேற்கு ஆஸ்திரேலியா பார்க்கத்தான் பெரிது. எங்கள் தொழிலில் ஒருவன் காலையில் தும்மினால் மதியம் மூன்று தளங்களில் நலம் விசாரிப்பார்கள். அரை க்ளெனிஸ் என்ற பேர் அவளுக்கு முன்னே போய் ஒவ்வொரு நேர்காணலிலும் உட்கார்ந்துகொண்டது. இரண்டு வருடம் யாரும் வேலை கொடுக்கவில்லை. பன்பரி பேக்கரி ஒன்றில் இறைச்சி வைத்துச் சுட்ட 'பை' பலகாரம் விற்றாள் என்று கேள்விப்பட்டேன். ஒருநாள் அந்தக் கடைக்கு வெளியே வண்டியை நிறுத்தி, கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துவிட்டு, இறங்காமல் கிளம்பி வந்துவிட்டேன்.

ஆறு வருடம் கழித்துக் கரத்தா என்ற ஊரில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஒன்று எங்களுக்குக் கிடைத்தது. வாரிக்தான் மேலாளர், நான்தான் மின்வேலை. மாதாமாதம் எவ்வளவு ஈட்டிய மதிப்போ அவ்வளவு பணம் என்று ஒப்பந்தம். முதல் கூட்டத்துக்கு ஆலை முதலாளிகளின் பக்கத்திலிருந்து செலவு சரிபார்ப்பவர் வந்து உட்கார்ந்தார். தடித்த கண்ணாடி, காதோரம் பென்சில்.

வாரிக்குக்கு ஒரு நொடி முகம் வெளுத்தது. அடுத்த நொடி கையைத் தட்டினான். "அட, அரை க்ளெனிஸ்! இன்னும் உயிரோடதான் இருக்கியா மேட்?"

அவனுடைய ஆட்கள் சிரித்தார்கள். க்ளெனிஸும் சிரித்தாள். எனக்கு அந்த எலுமிச்சை மரம் ஞாபகத்துக்கு வந்தது.

"வாரிக், ஒப்பந்தத்தோட ஐந்தாம் இணைப்பைப் படிச்சியா?" என்று கேட்டாள். "அளவீட்டு விதி அதுலதான் இருக்கு."

"நீ போட்ட விதிதானே? நானே உனக்குப் பாடம் எடுப்பேன்."

"படிச்சுட்டேன்னு குறிப்புல எழுதிக்கட்டுமா?"

"ரெண்டு தடவை எழுதிக்கோ."

எழுதினாள். கையெழுத்தும் வாங்கினாள். அடுத்த வாரம் அதையே கடிதமாக அனுப்பினாள். அதற்கும் அவன் கையெழுத்துப் போட்டான். மூன்றாவது தடவை இன்னொரு கூட்டத்தில் கேட்டபோது, "கிளிப்பிள்ளை மாதிரி அதையே சொல்றாளே" என்று எல்லாருக்கும் கேட்கும்படி முனகிவிட்டு அதிலும் கையெழுத்திட்டான். வாரிக் எந்தக் காகிதத்திலும் முதல் பக்கத்தைத் தாண்டியதில்லை. அவளுக்கு அது தெரியும். கூடவே வேலை பார்த்தவளுக்குத் தெரியாதா?

மூன்றாவது வாரம், காலை டீ இடைவேளையில் எங்கள் ஓய்வுக் கொட்டகைக்கு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தாள். ஒரு தாளை மேஜை மேல் வைத்தாள்.

"நீயாவது படி, லாயிட்."

ஐந்தாம் இணைப்பு. ஒரே ஒரு வரியில்தான் விஷயம் இருந்தது. ஒவ்வொரு கேபிள் தடமும் இழுத்து, இணைத்து, சோதித்து, முதலாளிகளின் ஆள் கையெழுத்திட்ட பிறகு முழு மதிப்பு, அதுவரை பூஜ்யம்.

"ஆரம்பிச்சதுக்கு?" என்றேன்.

"ஒண்ணும் கிடையாது."

"வாரிக் அறுநூத்துப் பதினெட்டுத் தடத்தையும் இந்த மாசத்துக்குள்ள ஆரம்பிக்கச் சொல்லியிருக்கான். ஒவ்வொண்ணுலயும் ஒரு மீட்டர்."

"தெரியும்."

"அவன்கிட்ட நான் சொல்லிட்டா?"

"சொல்லேன். நான் மூணு தடவை சொல்லிட்டேன். நீ நாலாவது தடவை சொல்லு." பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

நான் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டால், எனக்கு வாரிக்கைப் பிடிக்காது. ஹெட்லண்டில் அந்தக் கூட்டம் முடிந்ததும் என் முதுகில் தட்டி, "நல்ல பையன், குரைக்கலையே" என்றான். ஆறு வருடமாக அந்த இடம் எரிந்துகொண்டிருந்தது. இப்போது அவன் தன் குழியைத் தானே, அதுவும் என் ஆட்களை வைத்தே, தோண்டிக்கொள்ளப் போகிறான் என்றால் மண்வெட்டியைப் பிடுங்க நான் யார்? அந்த மாதம் போல அத்தனை உற்சாகமாக நான் எப்போதும் வேலை செய்ததில்லை. ஒரு மீட்டர், ஒரு மீட்டர் என்று அறுநூற்றுப் பதினெட்டையும் இழுத்துப் போட்டேன்.

முதல் மாதக் கணக்கு வந்தது. கேபிள் வேலைக்கு ஈட்டிய மதிப்பு பூஜ்யம். பணமும் பூஜ்யம். வாரிக் அவள் அறைக்குள் புயலாகப் போனான். சுவர் மெல்லிய தகரம். வெளியே எங்களுக்கு எல்லாம் கேட்டது.

"உன் மென்பொருள் ரிப்பேர்!"

"இல்லையே. பூஜ்யம்னா பூஜ்யம்தான்."

"அறுநூறு தடம் ஆரம்பிச்சிருக்கேன்!"

"பார்த்தேன். அழகா ஆரம்பிச்சிருக்கே."

அங்கேயே அவன் நின்று, இருபது தடத்தை முடித்திருந்தால்கூடப் பிழைத்திருப்பான். ஆனால் அவனிடம் இன்னொரு திரை இருந்தது. எங்கள் நிறுவனத்தின் மென்பொருளில் ஹெட்லண்டின் பழைய விதியையே அப்படியே நகல் எடுத்துப் போட்டிருந்தான். அதில் ஆரம்பித்ததற்குப் பாதி மதிப்பு. கோடு வானத்தில் பறந்தது. பெர்த்துக்கு அந்தத் திரையைத்தான் அனுப்பினான். பணம் ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். "அந்தப் பக்கம் ஒரு கிழவி முரண்டு பிடிக்கிறா, ரெண்டு வாரத்துல சரியாயிடும்" என்றான். தன் பொய்யைத் தானே நம்பிவிட்ட ஆளுக்கு யார் என்ன செய்ய முடியும்? குழாய் வேலையையும் அதே மாதிரி தளமெல்லாம் ஆரம்பித்துப் போட்டான். சாரம் எல்லா இடத்திலும் நின்றது, வேலை எங்கேயும் முடியவில்லை. மூன்று மாதம் சம்பளமும் வாடகையும் போய்க்கொண்டே இருக்க, வரவு என்று ஒரு டாலர் இல்லை.

நான்காம் மாதம் பெர்த்திலிருந்து இரண்டு தணிக்கையாளர்கள் வந்தார்கள். கூட்ட அறையில் வாரிக், நான், க்ளெனிஸ். அவள் இரண்டு திரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். எங்கள் திரையில் பதினேழு மில்லியன், அவளுடையதில் பூஜ்யம். மூன்று கையெழுத்துகளையும் வரிசையாக மேஜை மேல் வைத்தாள். குரலை உயர்த்தவே இல்லை. கண் மட்டும் வாரிக்கை விட்டு நகரவில்லை.

வாரிக்குக்கு வியர்த்துக் கொட்டியது. கடைசி ஆயுதத்தை எடுத்தான். "இவளை நம்பாதீங்க. ஹெட்லண்ட்லயும் விதியில தப்புப் பண்ணிப் பதினோரு மில்லியனை முழுங்கினவ இவதான். அறிக்கையிலயே இருக்கு. லாயிட்டைக் கேளுங்க, அங்கே இருந்தவன். சொல்லு மேட், ஹெட்லண்ட்ல என்ன நடந்துச்சு?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். க்ளெனிஸ் மட்டும் பார்க்கவில்லை, பென்சிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு வருடமாக அவளுக்கு வேண்டியிருந்தது இந்த ஒரு நிமிடம்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாரிக்கின் வேலை போவது அவளுக்கு ருசி. ஆனால் பசி வேறு. அந்தப் பதினான்காம் பக்கத்திலிருந்து அவள் பேர் இறங்க வேண்டும்.

"அங்கேயும் இதே மாதிரிதான் நடந்துச்சு" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அதற்கே வாரிக் நாற்காலியில் சரிந்தான். தணிக்கையாளர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுநாள் காலை அவனுடைய தள அனுமதி அட்டையை வாங்கிக்கொண்டு விமான நிலையத்துக்கு வண்டி வைத்தார்கள். அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்க க்ளெனிஸ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு குளிர்ந்த காபி டப்பா. அவனைக் கடக்கும்போது, "மேட்" என்றாள். அவன் தலை நிமிரவில்லை. நான் பார்த்த பழிவாங்கல்களிலேயே அவ்வளவு குளிர்ச்சியான ஒன்று கிடையாது.

நன்றி சொல்வாள் என்று நினைத்து நான் அவள் அறைக்குப் போனேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

"நேத்து உனக்காகப் பேசினேன் பாத்தியா" என்றேன்.

"பேசினியா? என்ன பேசினே?"

"இதே மாதிரிதான் நடந்துச்சுன்னு..."

"யார் செஞ்சாங்க? யார் சொல்லிச் செஞ்சாங்க? தாள்ல கையெழுத்து யாரோடது? நான் நேர்ல வந்து கேட்டப்போ பூட்ஸைப் பாத்துக்கிட்டு யார் பொய் சொன்னது?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அந்த நாலு வார்த்தையை வெச்சு அறிக்கையை மாத்த மாட்டாங்க, லாயிட். நீ ஆரம்பிச்சு வெச்சிருக்கே. அவ்வளவுதான்."

"பேக்கரிக்குக்கூட வந்தேன், உன்கிட்ட சொல்லணும்னு. வெளியே நின்னு..."

"பார்த்தேன். வெள்ளை வண்டி. பை வாங்கக்கூட இறங்கலை." என் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். "அதுக்கு எவ்வளவு மதிப்பு போடட்டும்?"

"பாதியாவது..." என்றேன்.

"இங்கே பாதி கிடையாது."

ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினாள். காதிலிருந்த பென்சிலைத் தரவில்லை. அழிக்க முடியாத பேனாவைத் தந்தாள். "வாரிக்கோட கணக்கு முடிஞ்சிடுச்சு. உன் கணக்கு இன்னும் திறந்தே கிடக்கு" என்றாள்.

அப்போதுதான் புரிந்தது. ஐந்தாம் இணைப்பை என்னிடம் காட்டியது நட்பால் அல்ல. வாரிக்கிடம் நான் சொல்லியிருந்தாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி, இந்த நாற்காலியில் என்னை உட்கார வைத்தே தீருவது என்று அவள் முடிவு செய்திருந்தாள். கோபம் வந்தது. எழுந்து போய்விடலாம் என்றும் இருந்தது. முன்னேற்றத் தாளில் தெரிந்தே தவறாகக் கையெழுத்திட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் என் வேலை அன்றோடு சரி. இந்த மாநிலத்தில் இன்னொரு தளம் என்னைச் சேர்க்காது. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. அவளைத் துரத்தியபோது அவளுக்கும் அதே வயதுதான்.

எழுதினேன். முதலில் "எங்களுக்கு உத்தரவு வந்தது" என்று எழுதினேன். அவள் எட்டிப் பார்த்து, "எங்களுக்குன்னா யாருக்கு? பேரைப் போடு" என்றாள். போட்டேன். "கேபிள் இழுக்கப்பட்டது" என்று எழுதினேன். "தானா இழுத்துக்கிச்சா?" என்றாள். அடித்துவிட்டு, நான் இழுத்தேன் என்று மாற்றினேன். நானூற்றுப் பன்னிரண்டு என்ற எண்ணை எழுத்தாலும் எழுதச் சொன்னாள். கூட்டத்தில் சிரித்ததையும் எழுதினேன். அதை அவள் கேட்கவில்லை. அந்த வரியைப் படித்தபோது மட்டும் அவள் கை கொஞ்சம் நின்றது. பிறகு தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, கதவைத் திறந்து பிடித்தாள், நான் வெளியே போவதற்காக.

பத்து நாளில் எனக்கு வேலை போயிற்று. ஐந்து மாதத்தில் ஹெட்லண்ட் அறிக்கையின் திருத்தப் பதிப்பு வந்தது. அதற்குள் க்ளெனிஸை மூன்று நிறுவனங்கள் கூப்பிட்டிருந்தன. மூன்றிடமும் கூலியை இரட்டிப்பாகக் கேட்டாளாம், கொடுத்தார்களாம். அறிக்கையின் பிரதி ஒன்றை அவளே எனக்குத் தபாலில் அனுப்பியிருந்தாள். கடிதம் எதுவும் இல்லை. பதினான்காம் பக்கத்தில் அவள் பேர் இருந்த இடத்தில் இப்போது வாரிக் பென்டன் பேரும், அதற்குக் கீழே என் பேரும் இருக்கின்றன. உறையில் தபால்தலை ஒட்டாமல் விட்டிருந்தாள். பெறுபவர் கட்ட வேண்டிய தொகை ஏழு டாலர் இருபது சென்ட் என்று தபால்காரர் சொன்னார். கட்டி வாங்கிக்கொண்டேன்.